வட்டில் யார் யாருக்கு இடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கணினிக் கடை, ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதினோரு மணிக்குக் கீழே ரசம் தாளித்தால் மேலே எங்களுக்கு வேலை ஓடாது. கடையில் மொத்தம் மூன்று பேர்: பாஸ், கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வரும் டெக்னீஷியன் அண்ணன், நான். அண்ணன் பெட்டியைத் திறந்து பாகங்களை மாட்டுவார். நான் உள்ளே போக வேண்டிய மென்பொருளை ஏற்றுவேன். பாஸ் கோப்பில் எழுதுவார்.

பாஸ் யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசாங்க இலாகா ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்து கடை போட்டார். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு வேலைக்கு யார் லாயக்கு, யார் லாயக்கில்லை என்பது எதிரில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் தனக்குத் தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். நீலம் குறிப்பு எழுத, சிவப்பு முடிவு எழுத.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்த ஒரு இயங்குதளம் அப்போது எங்களிடம் வந்திருந்தது. ஒரே சிடி. அதற்குள் நூற்றுக்கணக்கான நிரல்கள். கடிதம் அடிப்பதற்கான எடிட்டர்கள் மட்டும் பதினொன்று. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று எந்த விதியும் இல்லை. நான் ஏற்றிய பெட்டியில் எனக்குப் பிடித்தவை இருக்கும். நான் லீவில் போன நாளில் அண்ணன் ஏற்றினால் அவருக்குப் பிடித்தவை. வாடிக்கையாளர்கள் போன் அடித்து, "போன தடவ வாங்குன கம்ப்யூட்டர்ல இருந்தது, இதுல காணோமே" என்று கேட்பார்கள். அந்தப் போனை எடுப்பது பாஸ்தான்.

கிள்ளானில் ஒரு தமிழ் வாசகசாலைக்கு, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஐந்து பழைய கணினிகள் கிடைத்தன. அவற்றைத் தயார் செய்து கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அன்று காலை பாஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இனி இந்தக் கடையை விட்டுப் போற எந்தப் பெட்டியெண்டாலும் உள்ளுக்கு இருக்கிறது ஒண்டாத்தான் இருக்க வேணும். ஆரை எடுக்கிறது, ஆரை விடுறது எண்டு நாங்கள் முடிவு செய்வம். முறையா."

முறையாக என்றால் என்ன என்று மறுநாள் தெரிந்தது. அவர் இலாகாவில் பயன்படுத்திய நேர்முகத் தேர்வுப் படிவத்தைப் போலவே ஒன்றை டைப் அடித்து நூறு பிரதி எடுத்து வந்திருந்தார். பெயர், வயது, வகிக்கவிருக்கும் பணி, முன் அனுபவம், பரிந்துரைப்பவர், உடல்பருமன். கடைசிக் கட்டம், நிரல் வட்டில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு. அந்தப் பழைய கணினிகளின் ஹார்ட் டிஸ்க் மிகச் சின்னது. எல்லாரையும் ஏற்ற முடியாது.

தினமும் இரண்டரை மணியிலிருந்து நான்கு மணிவரை தேர்வு. ஒவ்வொரு நிரலையும் நான் திரையில் ஓட்டிக் காட்டுவேன். பாஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்ப்பார்.

"இவருக்கு என்ன வேலை?"

"ரெண்டு கோப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு எங்க வித்தியாசம்னு சொல்லும் பாஸ்."

"நல்ல வேலை. கிளார்க் ஒருத்தர் ஒரு நாள் முழுக்கச் செய்யிற வேலை. சேருங்கோ."

இரண்டு நாளில் நாங்களும் நிரல்களை 'அவர்' என்று சொல்லப் பழகிவிட்டோம். மெஷினைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேடிக்கை வாசகத்தைத் திரையில் காட்டும் குட்டி நிரல் ஒன்று இருந்தது. பாஸ் அதை ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவை சிரிக்கவும் செய்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, "கந்தோருக்கு வேலைக்கெண்டு வந்து பகிடி சொல்லிக்கொண்டு இருக்கிற ஆள். எனக்கு முப்பது வருசமாத் தெரியும் இந்த ரகத்தை," என்று அடித்துவிட்டார். சீட்டாட்டம், பாம்பு விளையாட்டு எல்லாம் உள்ளே வரவே இல்லை. படிவம் நிரப்பப்படாமலேயே திரும்பிப் போயின.

மூன்றாம் வாரம் எடிட்டர்கள் முறை வந்தது. சண்டையும் அப்போதுதான் வந்தது.

அண்ணனுக்கு ஒரு எடிட்டர் உயிர். அதில் ஒரு நிலையில் எழுத்து அடித்தால் எழுத்தாக விழும். இன்னொரு நிலையில் அதே எழுத்து கட்டளையாகிவிடும். பழகியவர் கையில் மின்னல். பழகாதவர் அதற்குள் போனால் வெளியே வர முடியாது. எனக்குப் பிடித்தது வேறொன்று. கடிதம் எழுதலாம், அதற்குள்ளேயே கோப்புகளை ஒழுங்கு செய்யலாம், மின்னஞ்சல் படிக்கலாம்; மனநல மருத்துவர் போலப் பேசும் ஒரு பகுதிகூட அதில் உண்டு. ஆனால் பருமன் அதிகம். அண்ணனும் நானும் இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வருடமாகப் பேசிப் பேசிக் களைத்திருந்தோம். "உன்னோடது எடிட்டரா, லோரியா?" என்பார் அவர். "உங்களோடதுல ஏறுனா இறங்க முடியாதுண்ணே," என்பேன் நான்.

முதலில் அண்ணனுடையது. பாஸ் தானே அடித்துப் பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். 'ஐயா' என்று தொடங்கும் ஓர் ஆங்கிலக் கடிதம். முதல் வார்த்தையின் பாதி மறைந்தது, மெஷின் இரண்டு தடவை பீப் என்றது, அதற்கு மேல் எதை அழுத்தினாலும் பீப். பாஸ் நிதானமாகக் கேட்டார்.

"வெளிய போறது எப்பிடி?"

"எஸ்கேப் அழுத்துங்க பாஸ், அப்புறம் ரெண்டு புள்ளி, அப்புறம்..."

"நான் கேக்கிறது, நீங்கள் பக்கத்தில இல்லாட்டி எப்பிடி?"

அண்ணன் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினார். பாஸ் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். "இப்பிடித்தான் செய்வாங்கள்," என்று படிவத்தில் எழுதினார்.

எனக்குள் ஒரு சந்தோஷம். அது அரை மணி நேரம் இருந்தது. என்னுடையது வந்ததும், அந்த மருத்துவர் பகுதியை நானே பெருமையாகத் திறந்து காட்டினேன். கடிதத்தைச் சேமிக்கத் தனக்கு வழி தெரியவில்லை என்று பாஸ் ஆங்கிலத்தில் அடித்தார். வழி தெரியவில்லை என்று ஏன் சொல்கிறீர்கள் என்று அது கேட்டது. தெரியாததால் சொல்கிறேன் என்றார். அதுதான் உண்மையான காரணமா என்று கேட்டது. பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை, இது என்ர வீட்டுக்காரி கேக்கிற மாதிரியே கேக்குது. வீட்டில ஒரு ஆள் போதும்."

இரண்டுக்கும் சிவப்பு மை. தேர்வானது மூன்றாவதாக வந்த ஒரு சாதாரண எடிட்டர். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்று திரையின் அடியிலேயே எழுதி வைத்திருக்கும். வேறெந்த வித்தையும் கிடையாது. அண்ணனும் நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே கருத்தில் இருந்தோம்: அதைப் பயன்படுத்துவது கேவலம்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. பாஸ் முதல் வாரமே ஆசையாகச் சேர்த்த நிரல் ஒன்று உண்டு, நாட்காட்டி. வருடத்தைக் கொடுத்தால் பன்னிரண்டு மாதமும் காட்டும். தன் கல்யாண நாள் என்ன கிழமை என்று பார்த்து அது சரியாக இருந்ததால் அவருக்கு அதன்மேல் தனி மரியாதை. அண்ணன் அதைத் திறந்து, "பாஸ், 1752 செப்டம்பர் பாருங்க," என்றார். பாஸ் பார்த்தார். இரண்டாம் தேதிக்கு அடுத்து பதினான்கு. நடுவே பதினொரு நாளைக் காணோம்.

பாஸ் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆசையாக வளர்த்த பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து புகார்க் கடிதம் வந்ததைப் போல் முகம் இருந்தது. "நான் ஒருத்தரையும் விசாரிக்காமல் நிப்பாட்டினது இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாள் காலை நூலகத்துக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது. பிரிட்டிஷ்காரன் அந்த வருடம் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதுக்கு மாறியபோது பதினொரு நாளை உண்மையிலேயே தள்ளிவிட்டானாம். புத்தகத்திலிருந்து பக்கத்தையே நகல் எடுத்து வந்திருந்தார்.

"எங்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிஞ்சிருக்கு. பணி நிரந்தரம்," என்று எழுதிக் கீழே கோடு போட்டார். அண்ணன் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிள்ளான் ரயிலைப் பிடித்தார்.

பட்டியலில் கடைசியாக வந்தவர் மிகச் சின்னவர். அச்சு இயந்திரத்துக்கு ஒரு வரி முடிந்ததும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: தாளை ஒரு வரி மேலே தள்ளு, பிறகு இடது ஓரத்துக்கே திரும்பிப் போ. எங்கள் இயங்குதளம் முதலாவதை மட்டும்தான் சொல்லும். இரண்டாவதைச் சேர்த்துச் சொல்வது இந்தச் சின்ன நிரலின் வேலை.

"இவ்வளவுதானா?" என்றார் பாஸ்.

"இவ்வளவுதான் பாஸ்."

"ஒரு வேலை. அதை ஒழுங்காச் செய்யிறார். வாயும் திறக்கிறேல்ல. இப்பிடி ஒரு ஆளை என்ர இலாகாவில தேடிக் கண்டுபிடிக்க முடியேல்ல." சேர்த்தார். எல்லாம் கூட்டிப் பார்த்ததில் அந்தப் பழைய வட்டுகளில் ஏற்றியது போகக் கொஞ்சம் இடம் மிஞ்சும் என்று கணக்கு வந்தது. பட்டியலில் கையெழுத்துப் போட்டார், எங்களையும் போடச் சொன்னார்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த நாள் பாஸ் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார், அண்ணன் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து கணினிக்கும் நகலெடுக்க நாங்கள் தயார் செய்து வைத்திருந்த மாஸ்டர் வட்டைத் திறந்து, நான் பட்டியலின் நடுவில் என் எடிட்டரை 'உதவி' என்ற பெயரில் நுழைத்துவிட்டேன். யாருக்கும் தொந்தரவில்லை, மிஞ்சிய இடம்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. நாங்கள் ஏழு மணிக்கே மாஸ்டர் வட்டைத் துண்டில் சுற்றி வேனில் எடுத்துக்கொண்டு கிள்ளான் போய்விட்டோம். வாசகசாலையை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு தாதி. ஊரே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது. மருந்து அலமாரி போல் புத்தக அலமாரிகளுக்கும் பூட்டுப் போட்டு, சாவிகளை இடுப்பில் செருகியிருந்தார்.

"எனக்கு லெட்டர் அடிக்கணும், அடிச்சது பேப்பர்ல வரணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்," என்றார்.

அண்ணன் மாஸ்டர் வட்டை ஒரு கணினியில் மாட்டி, மற்ற நான்கையும் அதோடு கம்பியால் இணைத்தார். பட்டியலின் வரிசைப்படி நிரல்கள் ஐந்திலும் தாமாக நகலாகிக்கொண்டிருந்தன. அவர் திரையைப் பார்த்துக்கொள்வார் என்று நான் மிஸ்ஸி கொடுத்த தோசையைச் சாப்பிடப் போனேன். நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் அச்சு இயந்திரத்தின் கம்பியைத் தேட வேனுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஐந்தும் முடிந்து அமைதியாக நின்றன.

விழாவில் மிஸ்ஸியின் திட்டம் இது: வாசகசாலைத் தலைவரின் வரவேற்புரையைக் கணினியிலேயே வைத்திருந்து, விழாவைத் திறந்து வைக்க வரும் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் முன்னிலையில் அச்சிட்டு, சூடாகத் தலைவர் கையில் கொடுப்பது. தலைவர் நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து பேசியதாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் உரை மலாய் மொழியில் ஆறு பக்கம்.

டத்தோ விசையை அழுத்தினார். அச்சு இயந்திரம் கர்ரென்று ஓடத் தொடங்கியது. கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் மெதுவாக, "ஏன் அது அங்கிட்டே போவுது?" என்றார்.

முதல் வரி, மதிப்புக்குரிய டத்தோ அவர்களே. சரியாக இடது ஓரத்தில் விழுந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்கியது. மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். வரிகள் படிக்கட்டில் இறங்குவதைப் போல இறங்கி வலது ஓரத்தை அடைந்தன. அதற்கு மேல் போக இடமில்லாமல் மீதி உரை முழுவதும் அந்த ஓரத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஆறு பக்கமும் ஒரே கறுப்புக் கோடாக வந்தது.

மிஸ்ஸி தாளைக் கிழித்துப் பார்த்தார். ஒரு கணம்தான். மடித்துத் தலைவர் கையில் கொடுத்துவிட்டார்.

தலைவர் ஒலிபெருக்கி முன் நின்று தாளை விரித்தார். டத்தோ அவர்களே என்றார். தாளைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி, துவான் துவான், புவான் புவான் என்று சபையை விளித்தார். இன்னும் நகர்த்தி, செலாமாட் டாத்தாங் என்று வரவேற்றார். பிறகு கறுப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமை. "தெரிமா காசே," என்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மண்டபத்தில் அவ்வளவு பெரிய கைதட்டல் அதற்கு முன்னால் கேட்டதில்லை என்று மிஸ்ஸி பிறகு சொன்னார். டத்தோ எழுந்து வந்து தலைவரின் கையைக் குலுக்கி, இன்றைய தலைவர்களுக்கு இந்தச் சுருக்கம்தான் வேண்டும் என்றார். தலைவர் முதலில் திகைத்து, பிறகு அது தன் சொந்த யோசனை என்பதைப் போலச் சிரித்தார்.

ஆனால் பாஸ் சிரிக்கவில்லை. கூட்டம் பலகாரத்துக்குப் போனதும் எங்களை மெஷின் முன்னால் உட்கார வைத்தார். "கடைசி ஆள் எங்கை? நான் சேர்த்த ஆள்." தேடினோம். ஐந்திலும் அந்தச் சின்ன நிரல் இல்லை. வட்டு நிரம்பிவிட்டதால் பட்டியலின் கடைசி ஆள் மட்டும் ஏறவில்லை. இடமில்லை என்று மெஷின் ஒரு வரி சொல்லியிருக்கிறது. நான் தோசையிலும் அண்ணன் வேனிலும் இருந்ததால் அதைக் கேட்க ஆள் இல்லை.

"நிரம்ப ஏலாதே. நான் கூட்டினனான்," என்றார் பாஸ். "பருமன் வரிசையில காட்டுங்கோ."

காட்டினேன். வேறு வழியில்லை. முதலில் இருந்தது 'உதவி'. என் காது சுட்டது. அதற்குக் கொஞ்சம் கீழே 'சோதனை2' என்று ஒன்று இருந்தது. அது என்னுடையது இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும்னா எடம் பத்தியிருக்கும் பாஸ்," என்றார் அவர் கடைசியில். "நீயும் ஏத்துவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றேன் நான்.

பாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "கையெழுத்துப் போட்டிட்டு ரெண்டு பேரும் கள்ளமா ஆள் கடத்தியிருக்கிறியள்," என்று மட்டும் சொன்னார். இரண்டையும் எங்கள் கையாலேயே அழிக்க வைத்தார். சின்னவரை ஏற்றினோம். மிஸ்ஸியின் கடிதம் ஒழுங்காக இடது ஓரத்திலிருந்து வந்தது. தண்டனையாக, நான்கு சனிக்கிழமை கிள்ளானுக்கு வந்து, நாங்கள் கேவலம் என்று நினைத்த அந்தச் சாதாரண எடிட்டரை வாசகசாலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்.

போனோம். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், துணிக்கடைப் பெண்கள் மூன்று பேர், வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்த பட்டதாரிகள் என்று வாரம் எட்டுப் பத்துப் பேர். முதல் நாளே அரை மணியில் எல்லாரும் கடிதம் அடித்துவிட்டார்கள். யாரும் எங்களைத் தேடவில்லை. இரண்டாம் சனிக்கிழமை சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் அண்ணனும் நானும் பழைய வார இதழ் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமை நாங்கள் உள்ளே நுழைந்தபோது அச்சு இயந்திரத்திலிருந்து தாள் நிற்காமல் வந்து தரையில் குவிந்துகொண்டிருந்தது. பழையபடி ஏதோ கோளாறு என்று அண்ணன் ஓடினார். மிஸ்ஸி கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாதீங்க தம்பி. ஓடட்டும்."

விஷயம் இதுதான். மிஸ்ஸி வார்டில் மருந்துப் புட்டிகளைச் சரிபார்த்த பழக்கத்தில், கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, நோட்டில் டிக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதில் நாங்கள் மூவருமே அறியாத ஒரு நிரல் அகப்பட்டிருக்கிறது. எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் அதை முழ உயர எழுத்துகளில், தொடர்தாளில் நீளவாக்கில் அச்சிடும். அச்சு சம்பந்தப்பட்ட நிரல்களின் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நேர்முகத் தேர்வு இல்லை, படிவம் இல்லை.

முதலில் வாசகசாலையில் பேசக் கூடாது என்று மலாய் மொழியில் ஒன்று அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்த துணிக்கடைப் பெண் கடைக்கு ஒன்று கேட்டாள். பிறகு சலூன்காரர் வந்தார். பிறந்தநாளுக்குப் பேரனின் பெயர் வேண்டும் என்று லோரிக்காரர் கேட்டார். நாங்கள் போன அன்று வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசகசாலை தொடங்கியதிலிருந்து இத்தனை பேர் புத்தகத்துக்காக வந்ததில்லை. மிஸ்ஸி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்: காத்திருக்கும் நேரத்தில் ஒரு புத்தகமாவது எடுத்துப் படிக்காதவருக்கு அச்சு இல்லை.

பாஸுக்குப் போன் செய்தோம். அடுத்த ரயிலில் வந்து இறங்கினார். தரையில் கிடந்த தாளைத் தாண்டித் தாண்டி வந்து திரை முன்னால் நின்றார்.

"இவரை ஆர் உள்ளுக்கு விட்டது?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், "நான் இல்ல பாஸ்," என்றோம்.

"அவரே வந்துட்டாரு," என்றார் மிஸ்ஸி. "நல்லா வேல செய்யுறாரு. எடுத்துடாதீங்க."

பாஸ் சட்டைப் பையைத் தொட்டார். எந்தப் பேனா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. பேனாவை எடுக்காமலேயே, மிஸ்ஸி காட்டிய நாற்காலியில், வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். மிஸ்ஸி அவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்.